பன்னிரண்டு இறகும் முப்பத்திரண்டு இறகும்

எங்கள் தெருக்கோடியில் மொட்டை மாடியில் புறா வளர்க்கும் இளைஞர் ஒருவர், சென்ற மாதம் வெள்ளை நிற லக்காப் புறா ஒன்றை வாங்கி வந்திருந்தார். மயில் தோகை விரித்ததுபோல் வாலை விரித்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, மார்பை நிமிர்த்தி நடக்கும் அந்தப் பறவையைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். "எண்ணிப் பாருங்க சார், முப்பதுக்குக் குறையாது" என்றார் அவர் பெருமையோடு. எண்ணினேன், வாலில் 32 இறகுகள் இருந்தன. பக்கத்துக் கூண்டில் இருந்த சாதாப் புறாவின் வாலில் 12. அந்த 20 இறகுகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன்.

இறகுகளின் எண்ணிக்கையைப் பறவைகள் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. புறாக் குடும்பத்தில் வால் இறகுகள் பெரும்பாலும் 12. சில இனங்களில் 14. சிறகின் நுனிப்பகுதியில் இருக்கும் முதன்மை இறகுகள் பக்கத்துக்குப் பத்து. பறக்கும்போது திசை திருப்பவும், இறங்கும்போது வேகத்தைத் தணிக்கவும் வால் வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பறத்தல் கெடும். கெட்டால் வல்லூறுக்கு இரையாக நேரும். இயற்கை அந்தக் கணக்கைக் கறாராகவே காத்து வந்திருக்கிறது. அதைக் கலைத்தவன் மனிதன்.

அவன் அதை எவ்வாறு கலைத்தான் என்று முதலில் முறையாக ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். 1855-இல் அவர் தம் வீட்டிலேயே புறா வளர்க்கத் தொடங்கினார். கிடைத்த இனங்களையெல்லாம் சேர்த்தார். லண்டனில் இரண்டு புறா வளர்ப்போர் சங்கங்களில் உறுப்பினரும் ஆனார். 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் பெரும்பகுதி வீட்டுப் புறாவைப் பற்றியதுதான். 1868-இல் வெளியிட்ட மற்றொரு நூலில் இரண்டு முழு அத்தியாயங்களைப் புறாக்களுக்கு ஒதுக்கினார்.

இந்த ஆராய்ச்சியில் சென்னைக்கும் பங்கு உண்டு என்பது பலர் அறியாதது. அன்றைய சென்னை மாகாணத்தில் உயர் பதவி வகித்தவரும் அமராவதிச் சிற்பங்களோடு பெயர் இணைந்தவருமான வால்டர் எலியட், இந்தியப் புறாக்களின் தோல்களை டார்வினுக்கு அனுப்பி உதவினார். டார்வின் தம் நூலில் அவருக்கு நன்றி கூறியிருக்கிறார். லக்காவைப் பற்றித் தமக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்பு, 1600-க்கு முன் இந்தியாவில் எழுதப்பட்ட 'அயினி அக்பரி'யில் இருப்பதாகவும் டார்வின் பதிவுசெய்திருக்கிறார். புறா விளையாட்டைக் 'காதல் விளையாட்டு' என்றே அழைத்த அக்பரின் அரசவையில் 20,000 புறாக்களுக்குக் குறையாமல் இருந்தனவாம்.

லக்காவைக் குறித்து டார்வின் சொன்ன கருத்து எளிமையானது. நாற்பது இறகு வால் வேண்டும் என்று திட்டமிட்டு எவரும் தொடங்கியிருக்க முடியாது. அப்படி ஒரு வாலை முன்பின் யாரும் கண்டதில்லை. என்றோ ஒரு நாள் 12-க்குப் பதில் 14 இறகுகளோடும் சற்றே விரிந்த வாலோடும் ஒரு குஞ்சு பிறந்திருக்கும். வளர்த்தவருக்கு அது பிடித்துப்போயிருக்கும். அதைக் கறிக்கு அனுப்பாமல் இணை சேர்த்திருப்பார். அவர் மகன் 16 இறகு உள்ளதைத் தேர்ந்திருப்பான். ஜாவாவிலிருந்து சீனாவுக்குச் சென்ற விசிறிவால் புறா வகை ஒன்றில் 14 முதல் 24 வரை இறகுகள் இருந்ததையும் டார்வின் குறித்திருக்கிறார். பன்னிரண்டுக்கும் நாற்பதுக்கும் இடையிலான படிகள் கற்பனை அல்ல என்பதற்கு அது சான்று.

இந்த மாற்றங்களுக்கு அடியில் பழைய புறா மறைந்திருக்கிறது என்பதையும் அவர் காட்டினார். வெள்ளை லக்காவைக் கருநிறப் புறா இனம் ஒன்றோடு இணைத்தார். அதன் வழித்தோன்றல்களை வேறொரு கலப்பினப் புறாவோடு இணைத்தார். பிறந்தவற்றில் ஒன்று, பாறை இடுக்குகளில் வாழும் காட்டுமாடப்புறாவைப் போலவே நீல உடலும், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் கொண்டிருந்தது. நம் கோயில் கோபுரங்களில் கூடுகட்டும் மாடப்புறாவும் காட்டுமாடப்புறாவும் ஒரே இனம். இன்று உலகில் முந்நூறுக்கும் மேற்பட்ட வளர்ப்புப் புறா வகைகள் உள்ளன. அத்தனைக்கும் அதுவே மூதாதை.

ஒரு பண்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு எப்படிக் கடத்தப்படுகிறது என்பது டார்வினுக்குத் தெரியவில்லை. மரபியல் வளர்ந்த பின், 1918-இல் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் லக்காவின் இறகு எண்ணிக்கையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். லக்காவையும் சாதாரணப் புறாவையும் இணைத்தபோது, முதல் தலைமுறையின் எண்ணிக்கை இரண்டுக்கும் இடையில், பன்னிரண்டை ஒட்டியே நின்றது. அடுத்த தலைமுறையில் அது பலவாறு சிதறியது. இதன் பொருள், வால் இறகின் எண்ணிக்கையை ஒற்றை மரபணு தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவேதான் நல்ல லக்காவை வேறு இனத்தோடு ஒருமுறை கலந்துவிட்டால், பழைய வாலை மீட்கப் பல தலைமுறைகள் பாடுபட வேண்டியிருக்கிறது.

கொண்டையின் கதை வேறு. 2013-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை எழுத்து மாற்றமே புறாவின் கொண்டைக்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். கருவிலேயே பிடரி இறகுகளின் வளரும் திசை தலைகீழாகிவிடுகிறது. கீழ்நோக்கிப் படிய வேண்டிய இறகு மேல்நோக்கி நிமிர்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் கொண்டை தோன்றும். கொண்டையில்லாத இணைக்குக் கொண்டையுள்ள குஞ்சு பிறப்பதைக் கண்டு வியப்பவர்களுக்கு இதுவே விடை. காலில் இறகு முளைக்கும் புறாக்களின் நிலை இன்னும் விந்தையானது. சிறகு உருவாக வேண்டிய இடத்தில் செயல்படும் மரபணு ஒன்று அவற்றின் காலிலும் விழித்துக்கொள்கிறது. கால் ஓரளவு சிறகாக முயல்கிறது.

இதுவரை வியப்பு. இனி விலை. லக்காவின் உடலில் பறவைகள் இறகைக் கோதப் பயன்படுத்தும் எண்ணெய்ச் சுரப்பி இல்லாமற் போயிருப்பதை டார்வினே குறிப்பிட்டிருக்கிறார். வாலின் சுமையால் அது நன்றாகப் பறப்பதும் இல்லை. மிகக் குறுகிய அலகுக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட கரணப் புறாக்களில், முட்டையை உடைத்து வெளிவரும் குஞ்சுகளைவிட உள்ளேயே மடிபவை அதிகம் என்றும், வளர்ப்பவரே ஓட்டை உடைத்து உதவ வேண்டியிருக்கிறது என்றும் அவர் எழுதினார். அப்படிப்பட்ட இனங்கள் சில தம் குஞ்சுக்கு இரையூட்ட இயலாமல், வேறு புறாக்களைச் செவிலித்தாயாக நம்பி வாழ்கின்றன. குறுகிய அலகோடு தொடர்புடையது என 2021-இல் கண்டறியப்பட்ட மரபணு மனிதருக்கும் உண்டு. அதில் பழுது நேர்ந்தால் முக எலும்பு குறுகும் அரிய பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. நமக்கு நோயாகத் தெரிவது புறாவிடம் அழகாகிவிடுகிறது.

இவற்றினும் கொடியது 'லோட்டன்' என்னும் இந்தியப் புறாவின் நிலை. மெல்லக் குலுக்கித் தரையில் விட்டால் அது குட்டிக்கரணம் அடித்து உருளத் தொடங்கும். கையில் எடுத்து ஆற்றாவிட்டால் சாகும்வரை உருளும் என்று சொல்லப்படுவதாக டார்வின் குறிப்பு இருக்கிறது. நரம்பின் கோளாறு ஒன்று தலைமுறை தலைமுறையாக வேடிக்கைக்காகக் காக்கப்பட்டிருக்கிறது.

புறா வளர்ப்பே தீது என்பது என் கருத்தன்று. உயிர்களின் வரலாற்றை நாம் படிக்கக் கற்றுக்கொண்டதில் எளிய புறா வளர்ப்பவர்களின் கூர்ந்த பார்வைக்குப் பெரும் பங்குண்டு. பல்கலைக்கழகம் காணாத அவர்கள் ஓர் இறகின் வேறுபாட்டைக் கண்டார்கள். டார்வின் அவர்களிடம் பாடம் கேட்டார். ஆனால், அந்தக் கூர்மை இறகை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. பறக்கிறதா, குஞ்சு பொரிக்கிறதா, தன் குஞ்சுக்குத் தானே இரையூட்டுகிறதா என்பவையும் இணை சேர்க்கும்போது எண்ணப்பட வேண்டும். கண்காட்சிகளில் பரிசு வழங்குவோர் இவற்றுக்கும் மதிப்பெண் வைத்தால், வளர்ப்பவரின் தேர்வும் தானே மாறும். தேர்ந்தெடுப்பவரின் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே பறவையின் உடலும் சாயும் என்பதற்கு லக்காவைவிட வேறு சான்று வேண்டாம்.

அந்த இளைஞரிடம் மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது மேல கூரைக்கு ஏறாதா சார்?" என்றார். கூண்டைத் திறந்துவிட்டோம். சாதாப் புறா ஒரே வீச்சில் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்குப் போய் அமர்ந்தது. லக்கா கைப்பிடிச் சுவர்வரை எழும்பி, அங்கேயே நின்று, தன் 32 இறகுகளையும் விரித்துக் காட்டியது.