வெறுமையாய் நிற்கும் எச்சரிக்கை

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய புயலை அப்பகுதி மக்கள் இன்னும் மறந்திலர். கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழ்வோர்க்கு வானிலை எச்சரிக்கை உயிர் காக்கும் செய்தியாகும். இக்காலத்தில் அத்தகைய செய்தி இணையத்தளங்கள் வாயிலாகவும் பரவுகின்றது.

கல்லடி, ஏறாவூர், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிகுடி ஆகிய ஊர்களுக்குத் தனித்தனிப் பக்கங்களைக் கொண்ட ஒரு தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. எச்சரிக்கையை ஐந்து பக்கங்களிலும் எழுதப் புகின், ஒன்றில் திருத்தி மற்றொன்றில் மறத்தல் கூடும். ஆதலின் அதனை ஒரு தனிக் கோப்பில் வைத்து, 'அக்கோப்பை இங்கே சேர்க்க' என்னும் கட்டளையை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் இடுவர். பக்கத்தை அனுப்புமுன், வழங்கி எனப்படும் கணினி அக்கட்டளையை நீக்கிக் கோப்பிலுள்ளதை அவ்விடத்தில் வைக்கும். 1995இல் வெளிவந்த அப்பாச்சி முதலிய வழங்கி மென்பொருள்கள் இப்பணியைச் செய்ய வல்லன. இதற்கு வழங்கிவழி உட்சேர்க்கை என்று பெயர்.

இதில் ஓர் இடர் உண்டு. இக்கட்டளை, பக்கம் எழுதுவோர் தமக்கென எழுதிவைக்கும் குறிப்புரையின் வடிவில் அமைந்தது. குறிப்புரையை உலாவி காட்டுவதில்லை. எனவே வழங்கி கட்டளையைக் கவனியாது விடின், பிழை என்ற சொல்லே தோன்றாது. எச்சரிக்கைக்குரிய இடம் வெறுமையாய் நிற்கும். அபாயம் ஏதுமில்லை என்றெண்ணி மீனவர் தோணியை இறக்கிவிடக்கூடும்.

பிழை காண்போர் முதற்கண் உலாவியில் அப்பக்கத்தின் மூலவரிகளைத் திறந்து நோக்குதல் வேண்டும். கட்டளை எழுதியபடியே கிடந்தால், வழங்கி அதனைத் தொடவேயில்லை என்பது பெறப்படும். உட்சேர்க்கைக்குரிய கூறு ஏற்றப்படாமையும், அக்கோப்புறைக்கு அனுமதி வழங்கப்படாமையும் இதற்குக் காரணமாகலாம். வழக்கமாக எஸ்.எச்.ரி.எம்.எல். என முடியும் கோப்புகளையே வழங்கி ஆராயுமாறு அமைப்பர். பெயரின் ஈறு வேறாயினும் இதுவே விளையும். கட்டளையின் தொடக்கக் குறிகளுக்கிடையே ஓர் இடைவெளி புகுந்தாலும் அது வெறுங் குறிப்புரையாகிவிடும்.

கட்டளை மறைந்து, அதனிடத்தில் ஆங்கிலப் பிழையறிவிப்புத் தோன்றினால், வழங்கி முயன்று தோற்றது என்க. பெரும்பாலும் கோப்பின் வழியோ பெயரோ தவறாக இருக்கும். லினக்ஸ் கணினியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகும். 'ஃபைல்' என்ற சொல்லாற் சுட்டினால் மேலுள்ள கோப்புறைக்குச் செல்ல இயலாது. 'வேர்ச்சுவல்' என்ற சொல்லால் தளத்தின் வேரிலிருந்து வழி காட்டலாம். உரிய காரணத்தை வழங்கியின் பிழைப்பதிவேட்டிற் காணலாம்.

செய்தி வந்தும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அக்கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டதாதல் கூடும். அதனை யுனிகோட்டுக்கு மாற்றுதலே பரிகாரம்.

இவை யாவற்றினும் மேலான காப்பு ஒன்றுண்டு. அபாயமில்லாத நாளிலும் அக்கோப்பை வெறுமையாக விடாது, 'இன்று எச்சரிக்கை எதுவுமில்லை' என்று நாளும் நேரமும் குறித்து எழுதிவருதல் வேண்டும். அப்பொழுது வெறுமையைக் காண்போர், பழுது நேர்ந்துள்ளது என்பதை உடனே உணர்வர்.