மஞ்சள் கறை சொன்ன பாடம்

விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோழி ஒருத்தியின் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது. ஓடிச் சென்று சோப்புப் போட்டாள். அந்தோ! மஞ்சள் கறை செக்கச் செவேலென்று சிவந்தது. சட்டை பாழாயிற்றே என்று அவளோடு நாங்களும் கலங்கினோம். ஆனால் நீரில் நன்றாக அலசியதும் சிவப்பு மறைந்து மஞ்சளே திரும்பியது! மறுநாள் வேதியியல் ஆசிரியையிடம் காரணம் கேட்டோம். அறிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சோப்பு நீர் காரத்தன்மை உடையது. மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும்; காரம் நீங்கினால் பழைய நிறம் பெறும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் ஆரத்தி சிவப்பது இதனாலேயே. இவ்வாறு நிறம் மாறி உண்மை உரைக்கும் பொருள்களை நிறங்காட்டிகள் என்பர். நீல லிட்மஸ் தாளை அமிலம் சிவப்பாக்கும். சிவப்புத் தாளைக் காரம் நீலமாக்கும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும்.

காரம் என்றதும் மிளகாய் நினைவுக்கு வரலாம். அது வேறு, இது வேறு. நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருவது காரம். 1903-இல் நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு அறிஞர் அர்ஹீனியஸ் தந்த விளக்கம் இது. இரண்டும் சேரும்போது அவ்விரு அயனிகளும் இணைந்து நீராகின்றன. உடன் ஓர் உப்பும் உண்டாகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் கிடைப்பது நம் சமையல் உப்பே! இதுவே நடுநிலையாக்கல்.

ஆனால் எலுமிச்சையும் அமிலம், தக்காளியும் அமிலம். எது எவ்வளவு வலியது? இதை அளக்க 1909-இல் பி.எச். அளவுகோலை வகுத்தவர், டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன். ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனிகள் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கே உள்ளன. கோடி என்று எழுத ஒன்றுக்குப் பின் எத்தனை சுழியங்கள்? ஏழு! ஆகவே தூய நீரின் பி.எச். 7. அது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பொதுவாக 0 முதல் 14 வரை இவ்வளவுகோல் செல்லும்.

எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. தக்காளிச் சாறு ஏறத்தாழ 4. அப்படியானால் எலுமிச்சை இரு மடங்கு வலியதா? இல்லை, நூறு மடங்கு! ஒரு சுழியம் குறைந்தால் அயனிகள் பத்து மடங்கு பெருகும் அன்றோ? எனவே ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. நமது இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாக அதைக் காத்து வருகின்றன. இவ்வெல்லையை விட்டுச் சற்று விலகினாலும் உடல் நலம் கெடும்.

அமிலம்தான் ஆபத்து, காரம் சாது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது பெருந்தவறு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் பி.எச். 12-க்கும் மேல்! குழந்தையின் கண்ணில் அது தெறித்தால் பார்வையே போகக்கூடும். பெற்றோர்களே, சுண்ணாம்பு டப்பியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளியலறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் என்னும் நச்சுவாயு எழும்.

அமிலமோ காரமோ உடலில் பட்டால், ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை ஊற்றலாமா? கூடாது. நடுநிலையாகும்போது வெப்பம் பிறந்து புண்ணை மிகுதியாக்கும். ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடமேனும் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் விரைய வேண்டும். கண்ணில் பட்டாலும் இதே முறைதான்.

அன்று தோழியின் சட்டையை மீட்டது தண்ணீர். ஆபத்து வேளையில் நாம் முதலில் நாட வேண்டியதும் அந்தத் தண்ணீரையே என்பதை மறவாதிருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர்