உஷார்! குறை மாதக் குழந்தை மூச்சு நின்றால் சத்தம் போடாது

வீட்டில் குறை மாதத்தில் பிறந்த குழந்தை இருக்கிறதா? கைவேலையைப் போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

பிள்ளை அசையாமல் கிடந்தால் அசந்து தூங்குகிறது என்று இருந்துவிடாதீர்கள். மூச்சு நின்றுபோயும் கிடக்கலாம்!

எங்கள் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது இது. அந்தப் பெண்ணுக்கு 32-வது வாரத்திலேயே வலி எடுத்துவிட்டது. ஒன்றரைக் கிலோ ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் வைத்து மூச்சுக்கு மருந்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் பால் குடித்தான், கை காலை உதைத்தான். "மருந்தை இப்போதுதான் நிறுத்தியிருக்கிறோம், இன்னும் ஒரு வாரம் இருங்கள்" என்றார் டாக்டர். வீட்டுக்காரர்கள் கேட்கவில்லை. மக்காச்சோளம் அறுக்கிற நேரம், ஆளில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கி வந்துவிட்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், தூளிக்குள் சத்தமே இல்லை. "நல்லாத் தூங்குறான், எழுப்பாதடி" என்றாள் பாட்டி. பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. துணியை விலக்கினாள். தாடை நெஞ்சில் மடிந்து கிடந்தது. உதடு நாவல்பழம் மாதிரி நீலம்!

அவள் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த கிராம செவிலியர் ஓடிவந்தார். பிள்ளையைத் தரையில் கிடத்திக் கழுத்தை நேராக்கினார், உள்ளங்காலைத் தேய்த்தார். வீல் என்று அழுதான். 108 வந்தது. பிழைத்துக்கொண்டான். அந்தச் செவிலியர் அன்றைக்கு அந்தத் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால்? எனக்கு நினைக்கவே வயிறு கலங்குகிறது.

நாலாம் நாள் மூச்சு ஏன் நின்றது? இதைத்தான் பலரும் அறியாமல் இருக்கிறோம்.

மூச்சை ஓட்டுவது மூளையின் அடித்தண்டு. 37 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் பக்குவப்படவில்லை. 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே மூச்சு இப்படி நின்று நின்று வரும். அதற்குத்தான் காஃபின் மருந்து. பெரியவர்கள் உடம்பில் காஃபினின் வீரியம் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். இந்தப் பிஞ்சு உடம்பிலோ பாதியாகவே நான்கு நாள் வரை ஆகும். மருந்தை நிறுத்தினாலும் அதன் தெம்பில் பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வீரியம் இறங்கும்போதுதான் உண்மை வெளியே வரும். டாக்டர் கேட்டது அந்த ஒரு வாரத்தைத்தான். கொடுங்கள்! எந்த அறுவடையும் அதைவிடப் பெரிதில்லை.

காஃபின் என்றதும் காபி டிகாஷனை நாக்கில் தடவிவிடாதீர்கள் தாயே. அது எடைக்கு ஏற்றபடி அளந்து கொடுக்கிற மருந்து, அடுப்படி விஷயமில்லை. கழுதைப்பால், உரை மருந்து, மூக்கில் எண்ணெய், சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். புரையேறினாலும் மூச்சு நிற்கும்.

"ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்பார்கள். சுத்தப் பொய். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான். பிறந்த பிறகும் கர்ப்ப வாரத்தை விடாமல் எண்ணுங்கள். 32-ல் பிறந்து இரண்டு வாரம் ஆனால் 34. பெரும்பாலும் 36, 37 நிறையும்போது இந்த மூச்சு நிற்கும் தொல்லை அடங்கும். மிகவும் முன்னால் பிறந்தவர்களுக்கு 40 தாண்டியும் நீளலாம்.

நன்றாகக் கவனியுங்கள். ஐந்து, பத்து விநாடி நிறுத்திவிட்டு மறுபடி வேகமாக மூச்சு விட்டால், நிறமும் மாறாமல் இருந்தால், அது பிஞ்சுகளின் வழக்கம். 20 விநாடி தாண்டினால் ஆபத்து! அதற்குள்ளேயே உதடும் நாக்கும் நீலமானாலும், முகம் வெளுத்தாலும், உடம்பு துவண்டாலும் ஆபத்து! நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே குழி விழுந்தாலும், முனகினாலும், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு ஓடினாலும் காத்திருக்காதீர்கள். பால் குடிக்க மறுத்து, உடம்பும் சில்லிட்டால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அடங்கியிருந்த மூச்சு நிறுத்தம் திரும்ப வந்தாலும் அதே சந்தேகம்தான். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மார்கழிக் குளிரில் பிள்ளை சில்லிட்டுவிடாமல் இன்னும் உஷாராக இருங்கள்.

மூச்சு நின்றால் குலுக்காதீர்கள்! உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டாதீர்கள்! கழுத்தை நேராக்குங்கள், உள்ளங்காலையும் முதுகையும் தேய்த்துவிடுங்கள். கூடவே ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால் பிள்ளையின் வாய், மூக்கு இரண்டையும் உங்கள் வாயால் மூடி, நெஞ்சு லேசாக உயரும் அளவுக்கு மெதுவாக ஊதுங்கள். மூச்சு திரும்பிவிட்டதே என்று வீட்டில் உட்காராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பு முண்டியம்பாக்கம், சேலம் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தோம். 2022 முதல் கள்ளக்குறிச்சி சிறுவங்கூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை மார்போடு மார்பாகப் போட்டுக்கொள்ளச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். இன்குபேட்டர் போதாமல் கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல் தொடங்கிய கங்காரு முறை அது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி அணைத்துவைத்துப் பார்த்தார்கள். சாவு நான்கில் ஒரு பங்கு குறைந்ததை 2021-ல் வெளியிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் தூளி வேண்டாம் தாயே, இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். சமமான, மெத்தென்று அமுங்காத படுக்கையில், தலையணை இல்லாமல், முகம் தெரியும்படி மல்லாக்கப் போடுங்கள்.