ஏரிக்கரையில் ஒரு நீச்சல் குளம்

ஏரிக்கரையில் சொந்த நிலமும் வீடும் உடைய ஒருவர், தம் முற்றத்திலே நீச்சல் குளம் ஒன்று கட்ட விரும்புகிறார். நிலம் அவருடையது, செலவிடும் பணமும் அவருடையதே. அங்ஙனமிருக்க, அவர் பிறரிடம் இசைவு கேட்பானேன்? இவ்வினாவை நெடுநாளாக ஆராய்ந்து விடை கண்டிருக்கும் இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். அங்கே 15,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன.

பக்கத்திலே ஏரி இருக்க, நீச்சல் குளம் எதற்கு என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். குளிர்நாட்டு ஏரி பனிக்காலத்தில் உறைந்து கிடக்கும். கோடையிலோ கரையோரத்தில் பாசியும் நீர்க்களையும் மண்டும். ஆகவே ஆசையில் பிழையில்லை. உழவுக்கு உதவும் நீர்நிலையை ஏரி என்றும், குளிக்க உதவுவதைக் குளம் என்றும் நம்மவர் பிரித்து வழங்கினர் என்பர். அவ்வகையில் 'நீச்சல் குளம்' என்பது பொருத்தமான ஆக்கமே.

இனிச் சட்டத்திற்கு வருவோம். படகு செல்லத்தக்க நீர்நிலைகள் யாவும் அனைவருக்கும் என்றென்றும் பொதுவழி என்று விஸ்கான்சின் அரசியலமைப்புக் கூறுகிறது. இக்கருத்து 1787ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டத்திலிருந்து வந்தது. கரை தனியாருடையதாயினும் நீர் மக்களுடையது. மாநில அரசு அதன் அறங்காவலர். கரையிலே செய்வது நீரைத் தாக்குமாதலால், 1960களின் நடுப்பகுதியில் மாநிலச் சட்டமன்றம் கரையோர நிலங்களுக்கு வரையறை விதிக்குமாறு கவுண்டி என்னும் மாவட்ட ஆட்சிகளைப் பணித்தது. ஏரியிலிருந்து 1,000 அடி வரையிலும், ஆற்றிலிருந்து குறைந்தது 300 அடி வரையிலும் இந்த ஆட்சி செல்லும். அதற்குள்ளும் நீரிலிருந்து 75 அடிக்குள் கட்டடம் எழுப்பலாகாது. படகுத்துறை போன்ற சிலவற்றுக்கே விலக்குண்டு. முதல் 35 அடியில் உள்ள மரஞ்செடிகளை, ஏரிக்குச் செல்லும் வழிக்கு வேண்டியது தவிர, அழிக்கலாகாது.

எங்கிருந்து அளப்பது? நீர் நாள்தோறும் ஏறியிறங்கும் அல்லவா? நீர் நெடுங்காலம் நின்று கரையை அரித்தும், தரைச் செடிகளை வளரவிடாமலும் பதித்த தெளிவான அடையாளமே எல்லை. ஒருநாள் பெருவெள்ளம் தொட்ட இடம் அன்று. கோடையில் வற்றி நிற்கும் விளிம்பும் அன்று. அங்கே தொடங்கும் அளவுநாடா, குளத்தின் மிக அண்மையிலுள்ள ஓரத்திலே முடியும்.

அடுத்தது பரப்புக் கணக்கு. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் புதிய மனை 20,000 சதுர அடிக்குக் குறையலாகாது. கூரை, பாதை, சிமெண்டுத் தளம் எனத் தண்ணீர் இறங்காத பரப்பு 15 விழுக்காடு, அதாவது 3,000 சதுர அடி வரை இருக்கலாம். வீடு 1,800, கார்க் கொட்டகை 600, வண்டிப்பாதை 400 என்றால் 2,800 ஆயிற்று. 30 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள குளத்தைச் சுற்றி 4 அடி அகலத்தில் சிமெண்டுத் தளமிட்டால், அத்தளம் மட்டும் 424 சதுர அடி. எல்லை கடந்துவிட்டது! அதற்கு மேல் 30 விழுக்காடு வரை செல்லலாம். ஆனால் கரையில் மரஞ்செடி வளர்ப்பது போன்ற ஈடு செய்தாக வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மண் மழையை உறிஞ்சும், சிமெண்டு உறிஞ்சாது. 3,000 சதுர அடிமீது ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 7,000 லிட்டர் நீர். அது மண்ணையும் உரத்தையும் வாரிக்கொண்டு ஏரியில் விழும். உரத்திலும் மண்ணிலும் உள்ள பாஸ்பரஸ் பாசிக்கு விருந்து. ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு வரை பாசியை வளர்க்க வல்லது என்று கணக்கிட்டிருக்கின்றனர். வகுப்பிலே ஒரு தட்டில் புல்தரைத் துண்டையும் மற்றொன்றில் சிலேட்டுப் பலகையையும் சாய்த்து வைத்து நீரூற்றிக் காட்டினால், பத்துப் பக்கப் பாடம் இரண்டு நிமிடத்தில் முடியும். நீச்சல் குளத்திற்கெனத் தனித் தீங்குகளும் உண்டு. குளோரின் கலந்த நீர் சிறிதளவு ஏரியிற் கலந்தாலும் மீனுக்கு நஞ்சு. கரையருகே நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்குமாதலால், துப்புரவுக்காகக் குளத்தை வெறுமையாக்கினால் அடிநீர் உந்தித் தொட்டியையே மேலே தூக்கிவிடக்கூடும். ஆர்க்கிமிடீசு கண்ட விதி செல்வர் வீட்டு முற்றத்திற்கும் பொருந்தும்.

75 அடிக்கு அப்பால் இடமிருந்தால், மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி பெறலாம். இடமில்லையெனில் விதிவிலக்குக் கோரி முறையீட்டு வாரியத்தை நாட வேண்டும். அறிவிப்பு வெளியாகும், அண்டை வீட்டாரும் வந்து பேசலாம். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. விதியால் நேரும் இடர்ப்பாடு நிலத்தின் தனித்தன்மையால் வந்ததா, உரிமையாளரின் தேவையால் வந்ததா என்று வாரியம் பார்க்கும். செங்குத்தான சரிவு, பாறை, சதுப்பு ஆகியவை நிலத்தின் குறைகள். குடும்பம் பெருகிற்று, மருத்துவர் நீந்தச் சொன்னார், அடுத்த வீட்டில் குளம் இருக்கிறது என்பவை ஆளின் தேவைகள், இவை செல்லா. முதலில் வெட்டிவிட்டுப் பிறகு வந்து கேட்பது தானே தேடிக்கொண்ட இடர், அதுவும் செல்லாது. பணக்காரர், ஏழை, நல்லவர், பொல்லாதவர் என்று பாராமல் மண்ணை மட்டும் பார்க்கும் இம்முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கினோஷா மாவட்டத்தில் ஹூக்கர் ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர், 75 அடிக்குள் நீளும் மரத்தளம் ஒன்று அமைக்க வாரியத்தின் இசைவைப் பெற்றார். 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. தளம் இல்லாமலும் வீட்டை நன்கு பயன்படுத்தலாம். பின் இடர்ப்பாடு எங்கே என்றது. 2004இல் அதே நீதிமன்றம் அளவு பற்றிய விலக்குகளுக்குச் சற்று இளகி, விதி தேவையற்ற சுமையாகிறதா என்று பார்த்தால் போதும் என்றது. ஆயினும் சுமை நிலத்தினுடையதாகவே இருத்தல் வேண்டும். வீடு நல்லபடி நிற்கையில், பொழுதுபோக்குக் குளத்திற்கு இப்படியொரு சுமையைக் காட்டுவது எளிதன்று.

சில மாவட்டங்கள் சிற்றேரிகளைக் காக்க 75 அடிக்கும் மேற்பட்ட தொலைவை விதித்திருந்தன. 2015இல் வந்த மாநிலச் சட்டம், மாநில அளவைவிடக் கடுமையாக எந்த மாவட்டமும் விதிக்கலாகாது என்று தடுத்துவிட்டது. பெரிய ஏரிக்கும் சிறு குட்டைக்கும் ஒரே அளவுகோல் என்பது எனக்கு உடன்பாடன்று. வாரியத்தின் முடிவை ஏற்காதவர், அது விண்ணப்பதாரராயினும் அதனால் பாதிக்கப்பட்ட அண்டை வீட்டாராயினும், 30 நாளுக்குள் வட்ட நீதிமன்றம் செல்லலாம்.