நிலவாகையின் தரமும் ஆய்வுக்கூடத்தின் உரைகல்லும்

மேலப்பாளையம் சந்தையில் ஆடு வாங்குபவர் கண்ணால் பார்த்தும் கையால் தூக்கியும் விலை பேசுகிறார். விற்பவருக்கும் அதே கண்ணும் கையும் உண்டு. ஆகவே பேரம் ஏறக்குறையச் சமநிலையில் நடைபெறுகிறது. மருந்துச் சரக்கின் நிலை அவ்வாறன்று. அதன் மதிப்பு கண்ணுக்குப் புலப்படாத ஒரு சத்தில் அடங்கியிருக்கிறது. அதனை அளக்கும் வழி வாங்குபவரிடம் மட்டுமே இருக்குமாயின், விளைவிப்பவர் அவர் சொல்லும் விலையை ஏற்பதன்றி வேறு வழியில்லை. நமது சீமையின் நிலவாகையே இதற்குத் தக்க சான்று.

உலகறிந்த பெயர்

அவுரி என்றும் சென்னா என்றும் நம் விவசாயிகள் வழங்கும் இச்செடியின் தாயகம் அரேபியாவும் சோமாலியாவும் ஆகும். இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இது பயிராகிறது. சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணமாகப் பயன்படும் இவ்விலை, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே கடல் கடந்து, ‘டின்னவெல்லி சென்னா’ என்னும் நம் ஊர்ப் பெயராலேயே அந்நிய நாட்டு மருந்து நூல்களில் இடம்பெற்றது.

நெடுங்காலம் இலையின் நிறமும் அகலமுமே தரமெனக் கொள்ளப்பட்டன. 1941-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் என்னும் இரசாயன அறிஞர், மலமிளக்கும் சத்துக்களான சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார். அதன் பின்னரும் சில காலம் சுண்டெலிகளுக்கு மருந்தைக் கொடுத்து அதன் வலிமையைக் கணித்து வந்தனர். பின்னர் இரசாயன அளவீடு நிலைபெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகை நூலில், இலையில் இவ்வகைச் சத்து சென்னோசைடு பி-யின் கணக்கில் 2.5 சதவீதத்திற்குக் குறையலாகாது எனவும், டின்னவெல்லிக் காயில் 2.2 சதவீதமும் அலெக்சாந்திரியக் காயில் 3.4 சதவீதமும் இருத்தல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது.

ஆணிப்பொன் எதற்கு?

பொன்னின் மாற்றறிய உரைகல் மட்டும் போதாது. மாற்று முன்னரே அறியப்பட்ட ஆணிப்பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டாலன்றிக் கல்லின் மேல் விழுந்த கோட்டுக்குப் பொருளில்லை. நெசவாளரும் இதை அறிவர். 40-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது என்று பொருள். கெஜக்கோல் ஊருக்கு ஊர் மாறினால் நம்பரும் மாறிவிடும்.

ஆய்வுக்கூடத்திலும் அவ்வாறே. பழைய முறையில் சாற்றைப் பக்குவம் செய்து, மக்னீசியம் அசிட்டேட்டுடன் சேர்த்து, எழும் செந்நிறத்தை 515 நானோமீட்டர் ஒளியில் அளப்பர். அதில் கிடைப்பது அவ்வகைச் சத்துக்களின் மொத்தக் கணக்கு. புதிய திரவப் பிரிப்பு முறையில் ஒவ்வொரு சத்தும் தனித்தனியே அளக்கப்படுகிறது. இரு முறைகளின் எண்களும் ஒன்றாக இரா. புதிய முறைக்குத் தூய சென்னோசைடு ஆணிப்பொருளாக அவசியம். அத்தகைய பொருளின் தூய்மையைப் பல வழிகளில் சோதித்து, அதிலுள்ள ஈரத்தைக் கழித்து, மதிப்பைக் குறித்து, ஈரமும் வெளிச்சமும் வெப்பமும் அணுகாமல் காக்க வேண்டும். நம் நாட்டில் மருந்துகளுக்கு ஆணிப்பொருள்களை வழங்கும் பொறுப்பு காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்தைச் சார்ந்தது.

ஆணி பழுதுபட்டால் நேரும் விளைவைப் பாருங்கள். ஆணிப்பொருளில் 90 பங்கே சத்து இருக்க, அதை 100 எனக் கொண்டு கணக்கிட்டால், 2.25 சதவீதச் சத்துள்ள இலை 2.5 எனத் தேறிவிடும். இங்கே மகிழ்ச்சிதான். ஆனால் அயல்நாட்டில் சரியான ஆணியோடு ஒப்பிடும்போது குறை வெளிப்படும், சரக்கு தள்ளுபடியாகும், பழி விளைவித்தவர்மேல் விழும்.

பீர் வடிப்போர்க்கு வேண்டிய ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவின் வாணிபத்திலும் இதே பிரச்சினை எழுந்தது. அதன் கசப்பை அளப்பதற்கு ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் மதிப்பு குறிக்கப்பட்ட பொதுவான சாற்றையே ஆணியாகக் கொள்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதும் எண் இரு தரப்பாருக்கும் ஒன்றாகிறது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒரு டன் இலையில் 2 சதவீதம் என்றால் 20 கிலோ சத்து. 3 சதவீதம் என்றால் 30 கிலோ. இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுப்பது, நல்ல இலை விளைவித்தவரின் உழைப்பை இனாமாகக் கொடுப்பதாகும். தனி விவசாயி ஒருவர் சோதனைச் செலவைத் தாங்க இயலாது; சங்கம் தாங்கலாம். ஆதலால் விற்பனைக்கு முன் பல மூட்டைகளின் மேலும் நடுவும் அடியுமாக இலை எடுத்துக் கலந்து, மூன்று பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று ஆய்வுக்கூடத்திற்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று சங்கப் பெட்டகத்திற்கு. சோதனைச் சீட்டு வந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எம்முறையில் அளந்தீர்கள்? ஆணிப்பொருள் யாது, அதன் காலாவதித் தேதி என்ன? சதவீதம் ஈரத்தோடு கணக்கிட்டதா, ஈரம் நீக்கியா?

உறுப்பினர்களுக்கும் கடமை உண்டு. இலையை உரிய பருவத்தில் பறித்து, நிழலில் பரப்பி உலர்த்தி, காம்பும் கல்லும் நீக்கித் தருதல் வேண்டும். இலையில் இல்லாத சத்தை எந்த ஆணிப்பொருளும் உண்டாக்காது. இருக்கும் சத்தை மறைக்கவொட்டாமல் காட்டுவதே அதன் தொழில். அந்த எண்ணைக் கேட்டு வாங்கும் சங்கமே தன் உறுப்பினர்க்கு உரிய விலையையும் கேட்டு வாங்கும்.