பனிக்கே ஃப்ரிட்ஜ்!

ஐஸ்க்ரீமுக்கு ஃப்ரிட்ஜ் வைக்கலாம், ஓகே. பனி தேசத்து மண்ணுக்கே ஃப்ரிட்ஜ் வெச்சா? சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ், அலாஸ்காவின் வடகோடியில் நிஜமாவே இது நடக்குற விஷயம்!

இடத்தோட பேரு வில்லோ. கடற்படைக்கு எண்ணெய் வேணும்னு அமெரிக்க அரசு 1923-லயே ஒதுக்கி வெச்ச நிலத்துக்குள்ள, கோனோகோபிலிப்ஸ் கம்பெனி உருவாக்குற புது எண்ணெய் வயல். 30 வருஷத்துல சுமார் 60 கோடி பீப்பாய் எடுக்கலாம்னு கணக்கு. 2023 மார்ச்சில் பைடன் அரசு அனுமதி கொடுத்தது. கம்பெனி கேட்டது ஐந்து துளையிடும் தளம், கிடைச்சது மூணு. முதல் எண்ணெயை 2029-லதான் எதிர்பார்க்கிறாங்க.

ஏன் அவ்வளவு லேட்? கோடையில் தூந்திரா பூரா சொதசொதன்னு ஈரம். ஒரு கனரக வண்டி போனாலே அந்தத் தடம் வருஷக்கணக்கா மறையாது. அதனால குளிர்காலம் வரைக்கும் காத்திருந்து, தண்ணியை ஊத்தி உறையவிட்டு ‘ஐஸ் ரோடு’ போடுறாங்க. வெயில் வந்தா ரோடு காலி. அடுத்த வருஷம் மறுபடி முதல்லேர்ந்து! 1970-களில் வருஷத்துக்கு 200 நாள் தூந்திராவில் வண்டி ஓட்ட முடிஞ்சது. 2000-க்குள்ள அது ஏறக்குறைய பாதியாயிடுச்சு.

அடியில இருக்கிற மண்ணோ, நூத்துக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு உறைஞ்சு கிடக்கு. தளம், குழாய் எல்லாம் அதுமேலதான் நிக்கணும். மண் இளகினா அத்தனையும் ஆட்டம் காணும். இங்கேதான் நம்ம ‘ஃப்ரிட்ஜ்’ என்ட்ரி. பேரு தெர்மோசைஃபன். மண்ணுக்குள்ள நட்ட மூடின குழாய், உள்ளே அம்மோனியா மாதிரி ஒரு திரவம். குளிர்காலத்துல அது மண்ணோட சூட்டை வாங்கி ஆவியா மேலே ஏறும். வெளிக்காத்துல குளிர்ந்து, திரவமாகி, திரும்பக் கீழே இறங்கும். கரன்ட் வேணாம், மோட்டார் வேணாம். மெக்கானிக்கல் பசங்க இந்நேரம் நோட்ல படம் போட்டிருப்பீங்க! 1977-ல் ஓட ஆரம்பிச்ச 1,300 கி.மீ. அலாஸ்கா குழாய்ப்பாதையில் இதே டெக்னிக்தான். 1,20,000-க்கும் மேல குழாய்கள்!

ஆனா, அன்னிக்குப் பயம் குழாய்க்குள்ள ஓடுற சூடான எண்ணெய். இன்னிக்கு வானமே சூடு. அதை ஏத்திவிட்டதுல எண்ணெய்க்கும் பங்கு இருக்கே! வில்லோ எண்ணெயை எரிச்சா 30 வருஷத்துல சுமார் 24 கோடி டன் கார்பன் டை ஆக்ஸைடு. இது அரசாங்கமே போட்ட கணக்கு.

2023-ல் உங்க வயசுப் பசங்க டிக்டாக்கில் ‘வில்லோவை நிறுத்து’ன்னு கிளப்பின அலையில் வெள்ளை மாளிகைக்கு 10 லட்சம் கடிதங்களுக்கு மேல குவிஞ்சது. பலன் இல்லை.

சரி, அந்த ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க? பக்கத்துல இருக்கிறது நூயிக்சட். சுமார் 500 பேர், பெரும்பாலும் இனுபியாட் பழங்குடிகள். கேரிபூ மான், மீன், திமிங்கிலம்தான் சாப்பாடு. கடைச் சாமான் யானை விலை. ரோடும் குழாயும் பெருகினா மான் கூட்டம் வழி மாறிடும்னு ஊரோட அப்போதைய மேயர் கடுமையா எதிர்த்தார். ஆனா, அந்த வட்டாரத்து நிர்வாகம் திட்டத்தை ஆதரிச்சது. அதை நடத்துறதும் இனுபியாட் மக்கள்தான். ஸ்கூல், கிளினிக், குடிதண்ணி எல்லாத்துக்கும் அவங்களுக்கு வர்ற காசு எண்ணெய் வரி. இதுல யாரை வில்லன்னு சொல்வீங்க? எனக்குச் சொல்லத் தெரியலை.

குளிர்காலத்துல அந்த ஐஸ் ரோட்டைப் பிடிச்சுத்தான் நூயிக்சட்காரங்களும் வண்டியில வெளியூர் போறாங்க. ரோடு உருகிட்டா, அடுத்த குளிர் வரைக்கும் ஃப்ளைட்தான்.