பெயருக்கும் விசா வேண்டும், தெரியுமா?

ஆஸ்திரேலியாவில் போய் இறங்கி, "பர்கர் கிங் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். 'ஹங்ரி ஜாக்ஸ்' என்ற போர்டைத்தான் காட்டுவார்கள். அதே 'வோப்பர்' பர்கர், அதே நிறுவனத்தின் உரிமம், பெயர் மட்டும் வேறு! ஏன் தெரியுமா? 1971-இல் அமெரிக்க நிறுவனம் அங்கே கடை போட வந்தபோது, அடிலெய்டு நகரத்துச் சின்னக் கடை ஒன்று 'பர்கர் கிங்' பெயரை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தது. தாய் நிறுவனமான பில்ஸ்பரி, தன் கைவசம் இருந்த வேறு பெயர்களை நீட்டியது. உரிமம் எடுத்த ஜாக் கோவின் அதில் பொறுக்கியது ஒரு பான்கேக் மாவின் பெயரை! பின்னாளில் அடிலெய்டு பதிவு காலாவதியானதும் பர்கர் கிங் சொந்தப் பெயரில் கடைகள் திறந்தது. உரிமதாரரோடு வழக்கு வந்தது, 2001-இல் பர்கர் கிங் தோற்றது. 2003-இல் அந்தக் கடைகளிலும் ஹங்ரி ஜாக்ஸ் போர்டு ஏறிவிட்டது.

டிரேட்மார்க் உரிமை பதிந்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். 'உலகத்துக்கே ஒரே பதிவு' என்று ஒன்று கிடையவே கிடையாது! அமெரிக்காவிலும் இந்தியாவிலும் முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்பு உண்டு. சீனாவிலோ, பொதுவாக, முதலில் விண்ணப்பித்தவர்தான் ராஜா.

அந்தச் சீனாவில் ஆப்பிள் பட்ட பாடு தெரியுமா? ஐபேட் வெளிவருவதற்கு முன்பே, 2009-இல், பிரிட்டனில் ஒரு புதிய நிறுவனம் முளைத்தது. பெயர் 'ஐ.பி. அப்ளிகேஷன் டெவலப்மென்ட்'. முதலெழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள்... ஐ-பி-ஏ-டி! பின்னால் இருப்பது ஆப்பிள் என்று காட்டிக்கொள்ளாமலே, தைவானின் புரோவியூ நிறுவனத்திடம் அந்தப் பெயரை 35,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் சீனப் பதிவு மட்டும் தைவான் புரோவியூ பெயரில் இல்லை, அதே குழுமத்தின் ஷென்சென் புரோவியூ பெயரில் இருந்தது! 2012-இல் சில சீன நகரங்களில் கடை அலமாரிகளிலிருந்து ஐபேடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஆப்பிள் கொடுத்தது 6 கோடி டாலர். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இருக்கும் கட்டத்தை ஒழுங்காகப் பார்க்காததற்கு இத்தனை விலை!

நம் உச்ச நீதிமன்றத்துக்கும் இப்படி ஒரு வழக்கு வந்தது. டொயோட்டாவின் 'பிரியஸ்' 1997-இல் ஜப்பானில் வந்த கார். இந்தியாவில் அந்தப் பெயரை 2002-இல் பதிந்ததோ கார் உதிரி பாகங்களும் அலங்காரப் பொருள்களும் விற்கும் ஓர் இந்திய நிறுவனம். டொயோட்டா சண்டை போட்டது, 2017-இல் தோற்றது. அந்த நிறுவனம் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அந்தப் பெயருக்கு இந்தியாவில் போதுமான புகழ் இருந்ததாக டொயோட்டாவால் நிரூபிக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1996-இல் அதே உச்ச நீதிமன்றம் வேர்ல்பூலைக் காப்பாற்றியிருக்கிறது! அந்த நிறுவனத்தின் இந்தியப் பதிவு புதுப்பிக்கப்படாமல் 1977-இல் காலாவதியாகி, 1986-இல் வேறொருவர் அதே பெயருக்கு விண்ணப்பித்திருந்தார். எல்லை தாண்டி வந்த புகழ்தான் வேர்ல்பூலுக்குக் கைகொடுத்தது. ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. புகழை நம்பிப் புதுப்பிப்புக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது சூதாட்டம் என்பேன்.

சரி, முறையாகப் பதிய வழி? உள்ளூரில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், அங்கேயும் அந்த முதல் தேதியே செல்லும்! 1883 பாரிஸ் ஒப்பந்தம் தந்த சலுகை இது. இன்னொரு வழி மாட்ரிட் முறை. பெயர்தான் மாட்ரிட், அலுவலகம் ஜெனீவாவில்! ஒரே விண்ணப்பத்தில் 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தியா 2013-இல் சேர்ந்தது, மலேசியா 2019-இல், ஐக்கிய அரபு அமீரகம் 2021-இல். அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க், சின்னத்தில் கலர் இருந்தால் 903! நாடுகளுக்கான கட்டணம் தனி. அந்தந்த நாடு மறுக்கவும் மறுக்கலாம்.

ஒரு பெரிய கண்ணியும் இதில் இருக்கிறது. சென்னைக்காரர் ஒருவர் கிண்டி டிரேட்மார்க் பதிவகத்தில் தரும் உள்ளூர் விண்ணப்பம்தான் அவருடைய சர்வதேசப் பதிவுக்கு ஆணிவேர். சர்வதேசப் பதிவான நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் அது விழுந்தால், வெளிநாட்டுப் பதிவுகளும் சேர்ந்து விழும்! 3 மாதத்துக்குள் அவற்றைத் தனித்தனி விண்ணப்பங்களாக மாற்றிக்கொள்ள வழி உண்டு, செலவும் உண்டு.

பதிந்தபின் தூங்கலாமா? கூடாது! ரஷ்யாவில் ஸ்டார்பக்ஸ் 1997-இல் பெயரைப் பதிந்துவிட்டுக் கடையே திறக்கவில்லை. பயன்பாடில்லை என்று பதிவு ரத்து. வேறொருவர் பெயரைப் பிடித்துக்கொண்டு 6 லட்சம் டாலர் கேட்டார்! 2005-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. ஐரோப்பாவில் மெக்டொனால்ட்ஸ் கதையும் ருசியானது. அயர்லாந்தின் துரித உணவு நிறுவனமான சூப்பர்மேக்ஸ் தொடுத்த வழக்கில் 2024-இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம், கோழி சாண்ட்விச்சுகளுக்கு 'பிக் மேக்' பெயர் செல்லாது என்றது. 5 ஆண்டுகள் அதற்கு உண்மையாகவே பயன்படுத்தியதாக ஆதாரம் போதவில்லையாம்! அமெரிக்காவிலோ பதிவின் 5-ஆம் ஆண்டு முடிந்து 6-ஆம் ஆண்டு முடிவதற்குள், "விற்கிறேன், இதோ ஆதாரம்" என்று காட்ட வேண்டும். நியூ ஜெர்சிக்கு ஊறுகாய் அனுப்புபவர் என்றால் அங்கே விற்கும் பாட்டிலின் லேபிளைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மறந்தால் கூடுதல் கட்டணத்தோடு 6 மாத அவகாசம், அதற்குப் பிறகு பதிவு போச்சு! 10 ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பு வேறு.

இன்னும் கேளுங்கள்! பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துப் போடுகிறோமே, இந்தியாவில் பதியாத பெயருக்குப் பதிந்ததாகப் போட்டால் 1999 சட்டத்தின் 107-ஆவது பிரிவுப்படி முன்பு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் இருந்தது. 2024 முதல் சிறை போய், பண அபராதம் மட்டும்! இங்கே பதிந்ததை நம்பி, பதியாத வேறு நாட்டுச் சந்தைக்கு அதே லேபிளை அனுப்பினாலும் சில நாடுகளில் குற்றம்.

பதிவு முடிந்த கையோடு அச்சடித்த அரசு ரசீது போலவே ஒரு பில் வந்து நிற்கும். முத்திரை இருக்கும், பதிவு எண் சரியாக இருக்கும், வங்கிக் கணக்கு மட்டும் யாரோ ஒருவருடையது! பதிவேடு எல்லோருக்கும் திறந்திருப்பதால் முகவரியை அதிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். இந்தப் பொய் பில்களின் மாதிரிகளை ஜெனீவா அலுவலகமே தன் இணையதளத்தில் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறது.